சிரிக்காமல் சிரிக்க வைத்தவர்கள்

காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் இயங்குகிறது. 1922இல் புதுச்சேரியில் மறைந்த சுவாமிகள் எழுதிய நாடகங்களைத்தான் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் இன்றும் ஆடுகிறார்கள். வள்ளியும் முருகனும் மேடைக்கு வருமுன் அங்கே பபூன் தனியாக வருவார். பாடுவார், ஆடுவார், மிருதங்கக்காரரை வம்புக்கு இழுப்பார். ஒற்றை ஆள் நின்று ஊரையே சிரிக்க வைக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல. அதற்கு டிக்கெட் போட்டு விற்பதுதான் புதிது.

பபூனுக்கு உடம்பெல்லாம் வாய். கூத்தின் கட்டியங்காரனும் அப்படியே. என்.எஸ். கிருஷ்ணனின் கிந்தனார் காலட்சேபத்திலும், இன்றைய மேடை நகைச்சுவைக் கலைஞர் அலெக்சாண்டர் பாபுவின் 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' நிகழ்ச்சியிலும் சிரிப்போடு பாட்டும் சேர்ந்தே வந்தது. நம் மேடை சும்மா நிற்பவரை நம்பியதில்லை.

இங்கிலாந்தில் சும்மா நிற்பதே ஒரு தொழில். 1961இல் பிறந்த நகைச்சுவைக் கலைஞர் ஜாக் டீ, கடன் வசூலிக்க வந்தவர் போன்ற முகத்தோடு 1986இல் லண்டன் காமெடி ஸ்டோர் மேடையில் முதன்முதலாக ஏறினார். உலகத்தின் மீது அவருக்கு ஒரே சலிப்பு. அரங்கத்துக்கோ சிரிப்பு தாங்கவில்லை. 2009இலிருந்து பிபிசி வானொலியில், புகழ்பெற்ற நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றையும் அதே சலிப்போடு நடத்திவருகிறார்.

நமக்கும் இப்படி ஒருவர் கிடைத்தது வானொலியில்தான். தென்கச்சி கோ. சுவாமிநாதன் வேளாண்மை படித்தவர்; திருநெல்வேலி வானொலியில் பண்ணைச் செய்தி சொல்லிவிட்டுச் சென்னைக்கு வந்தவர். காலையில் 'இன்று ஒரு தகவல்' தொடங்கினால் உரம் போடும் முறையைச் சொல்லும் அதே குரலில் மனித மடமைகளைச் சொல்வார். அவசரமே கிடையாது. கிராமத்துப் பேச்சு, ஒரு தகவல், அதை ஒட்டி ஒரு யோசனை, கடைசியில் ஒரு குட்டிக் கதை. கதையின் கடைசி வரியில் வேடிக்கை வெடிக்கும்போதும் குரல் ஏறாது, இறங்காது. சிரிக்க வேண்டிய இடம் இதுதான் என்று அவர் காட்டித் தருவதில்லை. கேட்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு சன் டிவியின் 'இந்த நாள் இனிய நாள்' நிகழ்ச்சியில் அவர் முகத்தையும் பார்த்தோம். குரலைப் போலவே அதுவும் அசையவில்லை. 2009 செப்டம்பரில் காலமானார்.

அறிவுரை சொன்னவர் என்று அவரை அடுக்கி வைத்துவிட்டோம். என் கணக்கில் அவர் தமிழின் தலைசிறந்த தனிநபர் நகைச்சுவைக் கலைஞர்களில் ஒருவர். சினிமாவில் 'என்னத்தே' கன்னையாவும் முகத்தைத் தொங்கப்போட்டே சிரிக்க வைத்தார்; ஆனால் அவருக்கு எதிரே பேச ஓர் ஆள் இருந்தார். தென்கச்சிக்கு ஒலிவாங்கி மட்டும்தான்.

மேடையேறத் துடிக்கும் இளைஞர்கள் வெளிநாட்டு வீடியோக்களோடு அவருடைய ஒலிப்பதிவுகளையும் கேட்க வேண்டும். காலாப்பட்டு நிகழ்கலை மாணவர்களில் யாராவது பபூனின் ஆட்டத்தையும் தென்கச்சியின் அசையாமையையும் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தால், அந்த ஆய்வேட்டை முதலில் வாங்கிப் படிப்பவன் நான்.