கரந்துறையும் காட்சியும்

மறைத்து வைத்த பொருளைத் தேடிக் காண்பதில் மனித மனத்துக்கு இயல்பானதோர் உவகை உண்டு. விடுகதையும், ஒளிந்த உருவைத் தேடச் சொல்லும் சித்திரமும், கேட்டாரை வியப்பில் ஆழ்த்தும் வரலாற்றுத் துணுக்கும் அவ்வுவகையையே அடிப்படையாகக் கொண்டவை. இவற்றைச் சிறுவர் விளையாட்டு எனத் தள்ளுவாரும் உளர். புலமையின் உச்சி எனப் போற்றுவாரும் உளர். இருதிறத்தாரும் ஆராயாது விட்டது ஒன்றுண்டு. மறைத்தல் என்னும் தொழில் ஒன்றேயாயினும், மறைந்து நிற்கும் பொருளின் பெறுமதி எங்கும் ஒன்றன்று. அப்பெறுமதியே இவற்றை மதிப்பிடும் அளவுகோலாதல் வேண்டும்.

தமிழ் மரபு இத்துறையைப் புறக்கணித்ததில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் விடுகதையைப் பிசி எனப் பெயரிட்டு இலக்கிய வகையுள் வைத்து எண்ணிற்று. தண்டியலங்காரம் கரந்துறைச் செய்யுள், காதை கரப்பு, நாகபந்தம், மாலைமாற்று முதலிய சித்திரகவிகளுக்கு இலக்கணம் வகுத்தது. ஒரு செய்யுளினுள் பிறிதொரு செய்யுள் மறைந்து நிற்குமாறு அமைப்பது கரந்துறையாகும். இக்காலத்து ஒளிந்த உருவச் சித்திரத்துக்கு எழுத்துலகில் நேரானது இதுவே.

ஆயினும் சித்திரகவி யாவும் ஒரு தரத்தன அல்ல. திருஞானசம்பந்தர் அருளிய இரு பதிகங்களே இதற்குச் சான்றாகும். மாலைமாற்றுப் பதிகத்தின் அடிகள் முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் ஒன்றாகவே நிற்பன. அதனை ஓதுவார் பலர். உரையின் துணையின்றிப் பொருள் கொள்வார் மிகச் சிலர். திருவெழுகூற்றிருக்கையோ ஒன்று முதல் ஏழு வரை எண்கள் ஏறியும் இறங்கியும் வரத் தொடுக்கப்பட்டது. அங்கே ஒவ்வோர் எண்ணும் இறைவனின் ஒரு செயலையோ ஒரு தன்மையையோ சுட்டுகின்றது. முன்னதில் அமைப்பு பொருளை மூடுகின்றது. பின்னதில் அமைப்பே பொருளைத் திறக்கின்றது. காளமேகத்தின் சிலேடைகள் இன்றும் நினைவில் நிற்பதற்கும் காரணம் இதுவே. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே சொற்கள் பொருந்துவதைக் காண்பவன், அவ்விரு பொருள்களையுமே புதிதாகக் காண்கிறான்.

சிலேடை சொல்லாற் செய்ததைச் சிற்பம் கல்லாற் செய்தது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் இடபமும் யானையும் ஒரு தலையைப் பகிர்ந்து நிற்கின்றன. ஓர் உடலைக் கையால் மறைத்தால் இடபம். மற்றையதை மறைத்தால் யானை. மேனாட்டு உளநூலார் எடுத்தாளும் முயல்–வாத்துச் சித்திரம் 1892ஆம் ஆண்டிலேயே மூனிச் நகர இதழொன்றில் வெளிவந்தது. இலங்கையின் கண்டிக்காலக் கலையிலும் ஐந்து மகளிர் கூடிக் குடமாகவும் ஒன்பது மகளிர் கூடி யானையாகவும் அமைந்த உருவங்கள் உண்டு.

அவ்வுருவங்களை ஆராய்ந்து 1908இல் நூல் செய்தவர் ஆனந்த குமாரசுவாமி. அவர் 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்தவர். 1904இல் சப்பிரகமுவாவிற் கிடைத்த கரிய கனமான கனிப்பொருளொன்றை அவர் முதலில் யுரேனியக் கனிப்பொருளெனவே கருதினார். சோதனையில் அதனுள் தோரியமே மிகுந்திருப்பது தெரியவர, அது தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. பழுப்பு நிற ஒலிவின் எனக் கொள்ளப்பட்டு வந்த இலங்கைக் கல் வேறொரு புதுக் கனிப்பொருளென 1952இல் அறியப்பட்டுச் சின்கலைற்று எனப்பட்டது. நிவித்திகலையிலும் இரத்தினபுரியின் பிற பகுதிகளிலும் சரளை மண்ணைக் கூடையில் அரிக்கும் தொழிலாளி, கூழாங்கல்லிடையே மணியைப் பிரித்தறிகின்றான். இங்கெல்லாம் தேடலின் முடிவு வெறும் வியப்பன்று, அறிவு.

வரலாற்றுத் துணுக்குகளுக்கும் இவ்வளவுகோலே பொருந்தும். 1560இல் யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்த போர்த்துக்கேயர் அங்கே கைப்பற்றிய புத்தரின் தந்தத்தைக் கோவாவில் அழித்தனர் என அவர்தம் ஏடுகள் கூறும். உண்மைத் தந்தம் இரத்தினபுரியை அடுத்த குருவிற்றையில், தெல்கமுவ விகாரையில், திரிகைக் கல்லினுள் மறைத்துக் காக்கப்பட்டதெனச் சிங்கள மரபு கூறும். இவற்றுள் ஒன்றை மட்டும் துணுக்காகத் தருபவன், தாராசுரத்துச் சிற்பத்தின் ஒரு பாதியைக் கையால் மறைத்து மறுபாதியை மட்டும் காட்டுபவனை ஒப்பான். ஏட்டுக்கூற்றை ஏட்டுக்கூற்றாகவும் மரபை மரபாகவும் கூறி இரண்டையும் அருகருகே வைக்கும்போதுதான் அக்காலத்தின் அச்சமும் பற்றும் புலனாகின்றன. பல இனத்தார் சேர்ந்து வாழும் நாட்டில் இது சிறிய பயிற்சியன்று.

பொது அறிவுப் போட்டிக்கெனத் துணுக்குகளை மனனஞ் செய்யும் மாணவர் இன்று மிகப் பலர். ஆண்டையும் பெயரையும் ஒப்புவிப்பதோடு அவர் நிற்பாராயின், பொருள் காணாது மாலைமாற்றைத் திருப்பித் திருப்பிப் படிப்பார்க்கும் அவர்க்கும் வேறுபாடில்லை. அச்செய்தி எங்கிருந்து வந்தது, யார் கூறியது, எதனை மறைத்தது என மேலும் மூன்று வினாக்களை எழுப்புவாராயின், அத்துணுக்கே ஆராய்ச்சிக்கு வாயிலாகும். விளையாட்டைக் கல்விக்கூடத்திலிருந்து விலக்க வேண்டியதில்லை. விடை கண்டபின்னும் வினவும் பழக்கத்தை அதனோடு சேர்த்து ஊட்டுதலே ஆசிரியர் கடனாகும்.