அம்சால் — துரோகியின் வாக்குமூலம்

துப்பாக்கி வெடிக்கும் படங்களுக்கு உலகில் பஞ்சமில்லை. வெடித்த புகை கலைந்தபின் நெஞ்சில் ஒரு கேள்வியை நிறுத்திவைக்கும் படங்களுக்குத்தான் பஞ்சம். 2015-இல் கொரிய இயக்குநர் சோய் டோங்-ஹூன் படைத்த 'அம்சால்' என்னும் உளவுப் படத்தில் குறைகள் பல உண்டு. ஆயினும் அது அந்தப் பஞ்சத்தைச் சிறிது போக்குகிறது. அதனால்தான் அதனை இங்கு எடுத்துப் பேசுகிறோம்.

கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானுக்கு அடிமைப்பட்டுக் கிடந்தது. கதை நிகழ்வது 1933-இல். ஜப்பானியப் படைத்தலைவன் கவாகுச்சியையும், அவனை அண்டிப் பிழைக்கும் கொரியச் சீமான் காங் இன்-குக்கையும் ஒழித்துக்கட்ட, விடுதலை அணி மூவரை அனுப்புகிறது. அனுப்பும் பொறுப்பேற்ற யோம் சோக்-ஜினே எதிரியின் ஒற்றன்! மூவரையும் கொல்லக் கூலிக்கு ஆளமர்த்துபவனும் அவனே.

மூவருக்கும் தலைமை தாங்குபவள் ஒரு பெண், ஆன் ஓக்-யுன். மூக்குக் கண்ணாடி அணிந்து குறிபார்க்கும் வீராங்கனை. காதலனுக்காகக் கண்ணீர் வடிக்கவும், கற்புக்காகத் தீக்குளிக்கவும் மட்டுமே பெண்ணைப் படைத்துப் பழகிய கலையுலகில், கட்டளையிடும் பெண்ணைக் காண்பது மகிழ்ச்சியளிக்கிறது. இது வெறும் கற்பனையுமன்று. ஜப்பானிய அதிகாரியைக் கொல்ல முயன்று சிறைப்பட்டு, உண்ணாமலிருந்து 1933-இல் உயிர்நீத்த நாம் ஜா-ஹியோன் என்னும் மாதரசி வரலாற்றில் வாழ்ந்தவர். இருவரைக் கொன்றால் நாடு விடுதலை பெற்றுவிடுமா என்று கேட்கிறான் கூலிக்கொலைஞன். நாங்கள் இன்னும் போரிடுகிறோம் என்பதையாவது உலகம் அறியட்டும் என்கிறாள் ஓக்-யுன். ஆரவாரமற்ற விடை. நடிகை ஜுன் ஜி-ஹ்யுன் அதை உரக்கக் கூவாமல் சொல்லியது நன்று.

ஆனால் கதையின் முதுகெலும்பு? அங்கேதான் முறிவு! ஓக்-யுன் அந்தச் சீமானின் மகளாம். குழந்தைப் பருவத்தில் பிரிந்தவளாம். அவளை உரித்துவைத்தாற்போல் மிட்சுகோ என்றொரு இரட்டைச் சகோதரியாம். இரட்டை வேடத்தைத் தமிழ்ப் படங்களில் பார்த்துப் பார்த்துச் சலித்த நமக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ஆண்டான் அடிமை என்னும் சமுதாயப் பிணக்கை இரத்த உறவின் தற்செயலாகச் சுருக்கிவிட்டால், அடக்குமுறையின் வேரை எவன் தேடுவான்? விதியின் விளையாட்டு என்று வீட்டுக்குப் போய்விடுவான். திருமண மண்டபச் சண்டையிலோ, குண்டுகள் ஆள் பார்த்துப் பாய்கின்றன. மகள் தயங்க, தந்தையைச் சுடும் வேலையைக் கூலிக்கொலைஞனிடம் ஒப்படைத்ததும் கோழைத்தனமே. அதுவரை தலைமை தாங்கியவளை அந்த ஒரு நொடியில் மீண்டும் 'பெண்ணாக்கி' விட்டார் இயக்குநர்.

இத்தனையையும் மறக்கச் செய்வது யோம். லீ ஜங்-ஜேயின் நடிப்பு அருமை. 1911-இல் துணிந்து குண்டெறிந்த இளைஞன், சித்திரவதையில் உடைந்து ஒற்றனானான். பிறவித் துரோகி என்று எவரும் இல்லை, துரோகி உருவாக்கப்படுகிறான் என்று காட்டியது பகுத்தறிவுக்கு உகந்த பார்வை. 1949-இல் துரோகிகளை விசாரிக்கும் மன்றத்தில், உடலிலுள்ள தழும்புகளையே தியாக முத்திரைகளாகக் காட்டி அவன் விடுதலையாகிறான்! வெளியே வந்தவனை ஓக்-யுன் எதிர்கொள்ளும்போது, விடுதலை வருமென்று தெரிந்திருக்கவில்லை என்று அவன் அலறுகிறான். வென்றவன் பக்கமே நிற்பதைக் கொள்கையாகக் கொண்டோர் அனைவருக்கும் அந்த அலறல் பொருந்தும்.

அங்கே படம் பழி தீர்த்துக்கொள்கிறது. வரலாறு தீர்த்துக்கொள்ளவில்லை. ஜப்பானுக்குத் துணைபோனோரைத் தண்டிக்க 1948-இல் சட்டமியற்றி அமைத்த குழுவின் அலுவலகத்துக்குள், 1949 ஜூன் 6-ஆம் நாள் போலீசாரே புகுந்து தாக்கினர். அக்காவல்துறையில் ஜப்பானியரிடம் ஊழியம் செய்து பழகியோர் பலர். குடியரசுத் தலைவர் சிங்மன் ரீயும் குழுவுக்கு எதிராகவே நின்றார். அவ்வாண்டுக்குள்ளேயே குழு கலைந்தது. இந்தச் செய்தியை ஒரு காட்சியிலேனும் வைத்திருக்கலாம். இரட்டைச் சகோதரிகளுக்குச் செலவிட்ட நேரத்தில் பாதி போதுமாயிருந்திருக்கும்.

ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் கொரியாவில் விற்றனவாம். வியப்பில்லை. நீதிமன்றம் விட்டுவிட்டவனைத் திரையிலேனும் சுட்டு வீழ்த்துவதைக் காண, அம்மக்கள் அறுபத்தாறு ஆண்டுகள் காத்திருந்தனர்.