ஆங்கிலத் துணைவினைகளும் மூவிடப்பெயர்களும்: ஓர் அட்டவணை மறைப்பவை

ஆங்கில இலக்கணத்தைத் தமிழ் மாணாக்கருக்கு விளக்கும் நூல்களில் ஓர் அட்டவணை பெரும்பாலும் இடம்பெறுகின்றது. ஒருபுறம் ‘கான்’, ‘மே’, ‘மஸ்ற்’ என்பன நிற்கும். மறுபுறம் ‘முடியும்’, ‘லாம்’, ‘வேண்டும்’ என்பன நிற்கும். நினைவிற் பதித்தற்கு எளிதாதலின் தேர்வுக்கு அது உகந்ததாயிற்று. ஆயின், ஒரு மொழியின் துணைவினையை மற்றொரு மொழியின் துணைவினைக்கு இவ்வாறு நேர்நிறுத்தல் பொருந்துமா? பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. துணைவினை தனித்து நின்று பொருளை முடிப்பதில்லை. எவரைச் சுட்டும் பெயரோடு, அப்பெயரின் எவ்வேற்றுமையோடு, எவ்வினையோடு அது கூடுகின்றது என்பதைக் கொண்டே அதன் பொருள் துணியப்படும்.

முதலில் ஒரு தொடரை நோக்குவோம். புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்கும் ஒருவர், “இன்று வள்ளம் போகலாம்” என்கிறார். காற்றையும் கடலையும் பார்த்து ஊகித்துக் கூறினாரா? அன்றிப் புறப்படுவதற்கு இசைவு வழங்கினாரா? இருபொருளும் அத்தொடருக்கு உண்டு. ஆங்கிலத்து ‘மே’ இவ்விரண்டையும் தாங்குமாதலின் இதுவரை அட்டவணைக்கு இழுக்கில்லை. ஆனால் அவரே, “நாம் வள்ளத்திற் போகலாம்” என்று கூறின், பெரும்பாலும் அஃது அழைப்பாகிவிடும். அவ்வழைப்பை ‘மே’ என்னும் துணைவினையாற் பெயர்த்தல் இயலாது. எழுவாய் ‘நாம்’ என மாறிய அளவிலே துணைவினையின் பொருளும் மாறிற்று. “நீ போகலாம்” என்பது இசைவு. “அவன் போகலாம்” என்பது இசைவோ ஊகமோ இடம் நோக்கி அறியப்படுவது.

ஆங்கிலத் துணைவினைகள் வடிவத்தில் இடவேறுபாடு காட்டுவதில்லை. ‘ஐ கான்’, ‘யூ கான்’, ‘ஹீ கான்’ என மூவிடத்தும் ஒருபடித்தாய் நிற்கும். படர்க்கை ஒருமைக்குரிய ‘ஸ்’ விகுதியை ஏலா. அவற்றை அடுத்துவரும் வினை ‘டு’ என்பதின்றி வரும். நம் மாணாக்கர் ‘மஸ்ற் டு கோ’ என எழுதுவதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. ‘போக வேண்டும்’ என்பதிலுள்ள ‘போக’ என்னும் எச்சத்துக்கு ஈடாக ஏதேனும் ஓர் உருபு இருத்தல் வேண்டும் என்ற தாய்மொழி உணர்வே அவர்களை அவ்வாறு எழுதச் செய்கின்றது.

வடிவம் மாறாதெனினும் பொருள் மாறும். ஜோன் வாலிஸ் 1653 இல் இலத்தீன் மொழியில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில், தன்மையில் ‘ஷால்’ வருவதுரைக்கும், ‘வில்’ உறுதி கூறும் அல்லது அச்சுறுத்தும் என்றும், முன்னிலை படர்க்கைகளில் இம்முறை தலைகீழாகும் என்றும் விதித்தார். இன்றைய வழக்கு அவ்விதியை முற்றாகப் பின்பற்றுவதில்லை. எனினும், ஒரே துணைவினை இடத்துக்கேற்ப வேறு பொருள் தரும் என்ற அவருடைய நோக்கு கருதத்தக்கது. தமிழிலக்கண மரபிலும் இவ்வாராய்ச்சி உண்டு. வியங்கோள் தன்மை முன்னிலைகளோடு நிலைபெறாது என்றது தொல்காப்பியம். மூவிடத்தும் செல்லும் என்றது நன்னூல். ஏவலும் வேண்டலும் எவ்விடத்தோடு கூடும் என்பது நம் முன்னோர் சிந்தித்த வினாவே. அவ்வினாவை ஆங்கில வகுப்பில் மட்டும் நாம் மறந்துவிடுகின்றோம்.

தமிழில் மற்றொரு நுட்பமும் உண்டு; பெயரின் வேற்றுமையும் இங்கே பொருளை முடிவு செய்கின்றது. யாழ்ப்பாணத்து வழக்கில் “நான் போகவேணும்” என்பது கடமையைக் குறிக்கும். “எனக்குப் போகவேணும்” என்பது விருப்பத்தைக் குறிக்கும். முன்னையதற்கு ‘மஸ்ற்’ பொருந்தும். பின்னையதற்கு ‘வோன்ற்’ என்னும் முழுவினையே வேண்டும். ‘ஏலும்’ என்பதும் அத்தகையது. “என்னாலை ஏலாது” என்பது ஆற்றலின்மை. “அவர் ஏலாமற் கிடக்கிறார்” என்றால் நோயுற்றிருக்கிறார் என்பது ஊரறிந்த பொருள். ஆங்கிலமோ இவற்றிலெல்லாம் எழுவாயை முதல் வேற்றுமையிலேயே நிறுத்தி, வேறுபாட்டை வினைமீது சுமத்துகின்றது.

எதிர்மறையில் அட்டவணை முற்றாகச் சரிகின்றது. ‘வரக்கூடும்’ என்பது ஊகம். ‘வரக்கூடாது’ என்பது தடை. ஒன்று மற்றொன்றின் மறுப்பன்று. ‘மஸ்ற்’ என்பதன் எதிர்மறையான ‘மஸ்ற் நொட்’ தடையைக் குறிக்க, கடமையின்மையைக் குறிக்க ‘நீட் நொட்’ என வேறொன்று வருகின்றது. தமிழிலும் ‘போகக்கூடாது’ வேறு, ‘போக வேண்டியதில்லை’ வேறு. ‘கான்’ என்பதன் எதிர்மறையோ இடத்தோடு பிணைந்தது. ‘ஐ கான்ற்’ எனின் பெரும்பாலும் இயலாமை. ‘யூ கான்ற்’ எனின் பல வேளைகளில் தடை. இதனை அட்டவணைப்படி பெயர்க்கும் மாணாக்கன் இரண்டையும் ‘முடியாது’ என்றே எழுதுவான்.

இஃது ஒரு புள்ளியை இழக்கும் பிழை மட்டுமன்று. புங்குடுதீவின் வரலாறே அதற்குச் சான்று. நன்னீர் அரிதான அத்தீவிலே, கண்ணகி அம்மன் கோயிற் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்களும் நீர் அள்ளும் உரிமைக்காக, அவ்வூரவரான எழுத்தாளர் மு. தளையசிங்கம் 1971 இல் சத்தியாக்கிரகம் மேற்கொண்டு காவற்றுறையினரின் தாக்குதலுக்கு உள்ளானார். 1973 இல் மறைந்தார். சாதி காரணமாக ஒருவரை விலக்குதல் குற்றமென 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் ஏற்கெனவே விதித்திருந்தது. அதாவது, சட்டம் ‘அள்ளலாம்’ என்றது; ஊர்வழக்கு ‘அள்ளக்கூடாது’ என்றது.

விலக்கப்பட்டவருக்குக் கையும் உண்டு, வாளியும் கயிறும் உண்டு. அவரால் அள்ள முடியும், அவரை அள்ளவிடவில்லை. அந்நிகழ்ச்சியை ஆங்கிலத்தில் ‘தே குட் நொட்’ என்று ஒருவர் எழுத, அதனை நம் மாணாக்கன் ‘அவர்களால் அள்ள முடியவில்லை’ என்று மீளப் பெயர்ப்பானாயின், தடுத்தவனின் குற்றம் தடுக்கப்பட்டவனின் இயலாமையாக மாறிவிடும். ‘கூடாது’ என்ற சொல்லிலும் ஒரு மறைவுண்டு. “இங்கே அள்ளக்கூடாது” என்ற தொடரில் தடுப்பவரும் இல்லை, தடுக்கப்படுபவரும் இல்லை. இயற்கை விதிபோல் அது நிற்கின்றது. யாருக்குக் கூடாது, யார் சொல்லிக் கூடாது என்று கேட்டு, மறைந்துள்ள பெயர்களை வெளிக்கொணர்வது இலக்கண மாணாக்கனின் வேலையுமாகும்.

ஆதலின், துணைவினையைத் தனிச்சொல்லாகக் கற்பித்தலை விடுத்து, பெயர், துணைவினை, வினை என்னும் மூன்றும் கூடிய தொடராகவே கற்பித்தல் வேண்டும். ‘ஐ’ வருமிடத்தில் ‘யூ’ வைத்துப் பார்க்கவும், ‘நான்’ வருமிடத்தில் ‘எனக்கு’, ‘என்னால்’ என வைத்துப் பார்க்கவும் மாணாக்கரைப் பழக்குதல் வேண்டும். கருமை குன்றாத கரும்பலகையும் ஒரு மணி நேரமும் இதற்குப் போதும். ஆற்றல், இசைவு, கடமை என்னும் மூன்றையும் பிரித்தறியக் கற்றவன், தன் இயலாமை எது, பிறர் இட்ட தடை எது என்பதையும் பிரித்தறிவான்.