சிறைமதிலும் சமாரியனும்: பிறரன்பு பற்றி ஒரு நோக்கு

ஏரவாடா என்றதும் புனே வாழ் தமிழராகிய நமக்குச் சிறைச்சாலையின் உயர்ந்த மதிலே முதலில் நினைவுக்கு வருகின்றது. அம்மதிலுக்குள் ஓர் இலக்கியமும் பிறந்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. 1930ஆம் ஆண்டில் அங்கே அடைக்கப்பட்டிருந்த காந்தியடிகள், செவ்வாய்க்கிழமைதோறும் காலை வழிபாட்டிற்குப் பின் தம் ஆசிரமத்தாருக்கு மடல் வரைந்தார். வாய்மை, அஞ்சாமை, தீண்டாமை விலக்கு என நோன்புகளை ஒவ்வொன்றாக விளக்கிய அம்மடல்கள், குஜராத்தியில் 'மங்கள பிரபாத்' என்னும் நூலாயின. ஆங்கிலத்தில் அந்நூலின் தலைப்பு 'ஏரவாடா மந்திரிலிருந்து' என்று பொருள்படும். சிறையை அவர் கோயில் என்றே குறித்தார்.

அம்மடல்களுள் ஒன்று அகிம்சையைப் பற்றியது. அகிம்சையும் அன்பும் ஒன்றே என்பது அதன் துணிபு. தன்னைப் போலவே பிறனையும் நேசிக்க வேண்டும் என்னும் கிறிஸ்தவக் கட்டளையோடு அதனை ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

அடிகள் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு திருடனே. திருடரைத் தண்டித்தால் அவர் நம்மை விட்டு அகலலாம்; ஆயினும் வேறொரு வீட்டிற்குச் செல்வர். அவ்வீட்டாரும் நம்மவரே. எனவே தண்டிப்பதை விடப் பொறுத்தல் நன்று என்கிறார். அத்துடன் அவர் நிற்கவில்லை. வாளா பொறுத்திருப்பது கோழைமையாகும். திருடரும் நம் உறவினரே என்றால், அவ்வுறவை அவரும் உணரும்படி செய்தல் நம் கடனாகும் என்று மேலே செல்கிறார். அதற்கு நீண்ட துன்பமும் குன்றாத பொறுமையும் வேண்டும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. திருடரும் கொலைஞரும் சூழ வாழ்ந்த ஒரு கைதி எழுதியதாதலின், இம்மடலில் வெற்றுரையின் சாயல் இல்லை.

இனி, இயேசுபெருமான் கூறிய கதையை நோக்குவோம். லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் உள்ள அக்கதையிலும் திருடர் வருகின்றனர். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழியில் ஒருவனை அடித்துக் குற்றுயிராக விட்டு அவர்கள் மறைகின்றனர். ஆசாரியனும் லேவியனும் விலகிப் போகின்றனர். யூதர் உறவு கொள்ளாத சமாரிய இனத்தான் ஒருவனே நின்று, எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயம் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்க்கிறான். இரண்டு பணம் கொடுத்து, மேற்செலவையும் திரும்பி வருகையில் தருவதாக ஒப்புக்கொள்கிறான். இங்கே இரக்கம் கண்ணீரோடு முடியவில்லை. கணக்காகவும் வாக்குறுதியாகவும் வளர்கின்றது.

கதையின் உயிர்நிலை அதன் இறுதியில் உள்ளது. எனக்குப் பிறன் யார் என்று நியாயசாஸ்திரி கேட்டான். விழுந்து கிடந்தவனுக்குப் பிறனாய் அமைந்தவன் யார் என்று இயேசு அக்கேள்வியைத் திருப்பிப் போட்டார். அன்பு செய்வோனின் நிலையிலிருந்து எழுந்த கேள்வி, அன்பு வேண்டி நிற்போனின் நிலைக்கு மாறிவிட்டது. தமிழில் இவ்விடத்தைப் பழைய மொழிபெயர்ப்பு 'பிறன்' என்று குறிக்க, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'அடுத்திருப்பவர்' என்று குறிக்கின்றது. முன்னது வேற்றுமையைச் சுட்டும். பின்னது அண்மையைச் சுட்டும். வேற்றுமையிலிருந்து அண்மைக்கு நடந்து செல்வதே இக்கதை எனலாம்.

ஏரவாடாக் கைதியே ஒருமுறை அவ்வாறு விழுந்து கிடந்தவர்தாம். 1924 ஜனவரியில் குடல்வால் நோயால் துன்புற்ற அவரைப் புனேயின் சாசூன் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். அறுவை செய்தவர் கர்னல் மாடக் என்னும் ஆங்கிலேயர். நடுவில் மின்விளக்கு அணைந்துவிட, லாந்தர் ஒளியில் பணி முடிந்தது. அவரைச் சிறையிட்டதும் ஆங்கிலேயர் அரசே. அன்றிரவு அவருக்கு அடுத்திருப்பவராய் அமைந்தவரும் ஓர் ஆங்கிலேயரே.

இந்த அளவுகோலைக் கொண்டு அடிகளின் மடலை மீண்டும் படித்தால் அதன் உயர்வும் குறையும் ஒருங்கே புலனாகும். கதையில் மறைந்துபோன திருடரை மடல் தேடிச் சென்று உறவு கொண்டாடுகின்றது. அது உயர்வு. ஆயின் அங்கே பேசுபவன் பொருளுடைய வீட்டுக்காரன். பறிகொடுத்து வழியில் கிடப்பவனின் குரல் அதில் கேட்கவில்லை.

அக்குரல் இரண்டே ஆண்டுகளில் அதே மதிலுக்குள் கேட்டது. தாழ்த்தப்பட்டோருக்குத் தனித்தொகுதி வழங்கிய பிரித்தானிய அரசின் தீர்ப்பை எதிர்த்து, 1932 செப்டம்பர் 20இல் அடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். 24ஆம் நாள் புனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதில் ஒப்பமிட்டோருள் டாக்டர் அம்பேத்கரோடு நம் தமிழகத்தின் எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் இராஜாஜியும் இருந்தனர். தனித்தொகுதி நீங்கியது, மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. மேல்சாதியினரின் மனமாற்றத்தை அடிகள் நாடினார். உறுதியான உரிமையை அம்பேத்கர் நாடினார். அந்நோன்பு தம் மக்கள்மேல் சுமத்தப்பட்ட நெருக்கடி என்றே பின்னாளில் அவர் கடிந்து எழுதினார். இருவருள் எவர் பெரியவர் என்பது நம் ஆராய்ச்சியன்று. காயம் ஆறிற்றா என்று சொல்லும் உரிமை காயம்பட்டவனுக்கே உண்டு என்பதே நாம் கொள்ள வேண்டுவது. சமாரியன் சத்திரத்தில் வைத்த இரண்டு பணத்திற்கு ஒப்பான உறுதியை அம்பேத்கர் கேட்டார் என்று கொள்வது பொருந்தும்.

இவ்வுண்மைக்குத் தமிழிலும் ஒரு சான்று உண்டு. நெல்லைச் சீமையில் வைணவக் குடியில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை வெளியிட்டார். அதன் மூலநூலை இயற்றிய ஜான் பனியனும் பெட்போர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தவர். தமிழ்ப் புலவர் தம் காப்பியத்தில் இயேசுவின் பாடுகளை விரித்துரைக்குங்கால், தம்மை வதைப்போருக்காக அவர் மன்றாடும் காட்சியை உருக்கமாகப் படைத்தார். அங்கே மன்னிப்பவர் வேடிக்கை பார்ப்போர் அல்லர், அடிபட்டவரே மன்னிக்கிறார். அடிபட்டவனை நோக்கி 'நீ மன்னித்துவிடு' என்று ஏவும் உரிமை ஏனையோருக்கு இல்லை. இவ்வேறுபாட்டை மறந்தால் அன்பு என்னும் சொல்லே வலியவர் கையில் கருவியாகிவிடும்.

பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு இவ்வாராய்ச்சியால் ஆவது என்ன? சங்கத்தில் கூடித் தமிழருக்குத் தமிழர் உதவுகின்றோம், அது நன்றே. ஆயின் கதையில் உதவியவன் உறவினன் அல்லன், வேற்றினத்தான். நாமும் இம்மராட்டிய மண்ணில் வேற்றினத்தாரே. வந்த புதிதில் வீடு பார்க்கவும் மொழி பழகவும் நமக்குத் துணை நின்றோர் பலர் தமிழறியாதவர். அக்கடனை நாம் திருப்பித் தர வேண்டிய இடம் எது? நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கும், சிறைவாயிலில் மகனைக் காணக் காத்து நிற்கும் தாய்க்கும் நாம் பிறரா, அடுத்திருப்பவரா? இதற்கு விடை கூற வேண்டியவர் நாம் அல்லர், அவர்களே. அவர்களைக் கேட்டறியும் துணிவு நமக்கு வாய்ப்பதாக.