வீழ்ந்தவர் தந்த வெற்றி

நடிப்பு என்று தெரிந்த பின்னும் ஒரு சண்டையைப் பார்க்க இயலுமா? இயலும். அது மட்டுமன்று, அவ்வாறு தெரிந்த பின்புதான் சில சண்டைகளைச் சரியாகக் காண முடிகிறது. எண்பதுகளில் அமெரிக்கத் தொலைக்காட்சி உலகெங்கும் பரப்பிய தொழில்முறை மல்யுத்தப் பதிவுகளை மீண்டும் பார்க்கும்போது இவ்வெண்ணமே வலுப்பெறுகிறது.

அவற்றுள் மிகப் புகழ்பெற்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1987 மார்ச் 29 அன்று, மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் நகரிலுள்ள சில்வர்டோம் அரங்கில் மூன்றாம் ரெசில்மேனியா நடைபெற்றது. 93,173 பேர் திரண்டனர் என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனம் அறிவித்தது. அவ்வெண் மிகைப்படுத்தப்பட்டது என்போரும் உளர். இறுதிப் போட்டியில் சாம்பியன் ஹல்க் ஹோகனை எதிர்த்து நின்றவர் ‘ராட்சதர்’ என்று பெயர் பெற்ற ஆன்ட்ரே.

கதை எளியது. நண்பராயிருந்த ஆன்ட்ரே, சூழ்ச்சிக்கார மேலாளர் பாபி ஹீனனின் பக்கம் சாய்கிறார். தொலைக்காட்சி மேடையில் ஹோகனின் சட்டையைக் கிழிக்கிறார். கழுத்திலிருந்த சிலுவையும் அறுந்து போகிறது. சிலுவை அணிந்தவர் நல்லவர், அதை அறுத்தவர் தீயவர் என்று பார்வையாளர் ஒரு நொடியில் தீர்ப்பிட்டுவிடுகின்றனர். சிந்திக்க வேண்டிய உழைப்பை நமக்கு மிச்சப்படுத்தும் மேடைப் பொருளாகச் சிலுவை இங்கே சுருங்கிவிடுகிறது. கலை என்ற நோக்கிலும் இது மலிவான உத்தியே.

ஆன்ட்ரே பதினைந்து ஆண்டுகளாகத் தோற்றதில்லை, எவரும் அவரைத் தூக்கி எறிந்ததில்லை என்று விளம்பரம் செய்தனர். இரண்டும் உண்மையல்ல. 1984-இல் மெக்சிகோவில் கானெக்கிடமும், 1986-இல் ஜப்பானில் இனோக்கியிடமும் அவர் தோற்றிருந்தார். 1980-இல் நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் ஹோகனே அவரைத் தூக்கி எறிந்திருந்தார். அன்று ஆன்ட்ரே நாயகர், ஹோகன் வில்லன்! ஏழே ஆண்டுகளில் அறமும் மறமும் இடம் மாறிக்கொண்டன.

போட்டி ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடங்கள். தொடக்கத்திலேயே ஹோகன் தூக்க முயன்று, எதிராளியின் பாரம் தாங்காமல் மல்லாந்து விழுகிறார். பின்பு நீண்ட நேரம் ஆன்ட்ரே அவரை இறுக அணைத்தபடியே நிற்கிறார். இறுதியில் ஹோகன் அவரைத் தூக்கி வீசி, தம் காலை அவர்மீது பாய்ச்சி வெல்கிறார். வித்தை என்ற அளவில் இது சிறந்த ஆட்டமன்று. அதே நாளில் ரிக்கி ஸ்டீம்போட்டும் ராண்டி சாவேஜும் ஆடிய ஆட்டமே வேகத்திலும் நுட்பத்திலும் ஒப்பற்றது. ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டியே வகுத்து மனப்பாடம் செய்த ஒழுங்கு அதில் தெரிகிறது. விமர்சகர் பலர் அதையே முதலிடத்தில் வைப்பதில் நியாயம் உண்டு.

ஆயினும், மீண்டும் பார்க்கையில் என் கண் ஆன்ட்ரேயிடமே நிலைக்கிறது. பிரான்ஸ் நாட்டு விவசாயக் குடும்பத்தில் 1946-இல் பிறந்த அவருக்கு அக்ரோமெகலி எனும் வளர்ச்சி நோய் இருந்தது. அவரைப் புகழுக்கு உயர்த்திய உடலே அவரை வருத்திய நோயுமாகும். 1986-இல் முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. போட்டியன்று அவர் அணிந்த கறுப்பு ஆடைக்குள் முதுகைத் தாங்கும் பட்டை மறைந்திருந்தது. அவர் ஏன் அசையாமல் நின்றார் என்பதற்கு விடை அதுவே.

520 பவுண்டு எடையினர் என்று அறிவிக்கப்பட்ட ஒருவரை, அவர் இசையாமல் யார் தூக்க முடியும்? தூக்கப்படுபவர் தம் உடலை ஒப்புக்கொடுத்தால்தான் தூக்குபவர் வீரராவார். கூட்டம் கொண்டாடிய அந்த வெற்றி ஹோகன் பறித்ததன்று, ஆன்ட்ரே கொடுத்தது. நோயுற்ற முதுகால் அதற்கு விலை செலுத்தியவரும் அவரே. அவர் அரங்கினுள் வந்தபோது கூட்டம் அவர்மீது குப்பைகளை எறிந்தது.

பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த் மல்யுத்தத்தைப் பற்றி எழுதிய கட்டுரை, 1957-இல் வெளியான அவருடைய ‘மித்தாலஜீஸ்’ நூலின் முதற்கட்டுரையாக அமைந்தது. இது விளையாட்டன்று, துன்பமும் தோல்வியும் நீதியும் கண்முன் விரியும் காட்சி என்று அவர் விளக்கினார். ஆழமான பார்வை. ஆனால் மல்லரின் உடலை அவர் ஓர் அடையாளமாகவே வாசித்தார். அடையாளத்தைச் சுமக்கும் முதுகு உண்மையாகவே வலிக்கும் என்பதை ஆன்ட்ரேயின் பதிவு நமக்கு நினைவூட்டுகிறது.

இதனால் ஆன்ட்ரேயைப் புனிதராக்கிவிட வேண்டாம். அவர் ஊதியம் பெற்ற கலைஞர். அது பெரும் வணிகம். அதே நாளில், உயரம் குறைந்த மல்லர்களை வேடிக்கைக்காக மேடையேற்றி, அவர்களுள் லிட்டில் பீவர் என்பவரைப் பேருடலினரான கிங் காங் பண்டி தூக்கி எறிந்த காட்சியும் இடம்பெற்றது. மனித உடலின் வேறுபாட்டைக் காசாக்கிய கொடுமை அது. ஆன்ட்ரேயின் பேருருவமும் அதே சந்தையில்தான் விலைபோயிற்று. இது போட்டியன்று, கேளிக்கையே என்று 1989-இல் நியூ ஜெர்சி மாநில மேலவையிடம் நிறுவனம் தானே ஒப்புக்கொண்டது. வரியும் கட்டுப்பாடும் குறைய வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்ட உண்மை அது! தாம் ஸ்டீராய்டு மருந்துகளைப் பயன்படுத்தியதாக 1994-இல் நீதிமன்றத்தில் ஹோகன் சாட்சியம் அளித்தார். நாயகரின் உடலும் முழு உண்மையன்று.

அதே 1987 செப்டம்பரில், அதே சில்வர்டோமில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருப்பலி நிறைவேற்றினார். ஆறு மாதங்களுக்கு முன் வீழ்ந்தவரை எள்ளி நகைத்த அரங்கில், நமக்காகக் கையளிக்கப்பட்ட உடல் உயர்த்திக் காட்டப்பட்டது. இரண்டையும் ஒப்பிடுவது தகாது. ஆனால் பீடத்தின்முன் அப்படிப் பார்க்கக் கற்ற கண்கள், கேளிக்கைக் கூடத்திலும் வீழ்ந்துகிடப்பவரைத் தேடத்தானே வேண்டும்?

ஆன்ட்ரே 1993 ஜனவரியில் பாரிஸ் நகரில் காலமானார். அரங்கம் 2017-இல் தகர்க்கப்பட்டது. ஹோகனும் 2025 ஜூலையில் மறைந்தார். பதிவு மட்டும் எஞ்சியிருக்கிறது. அதை அடுத்த முறை காண நேர்ந்தால், கைகளை உயர்த்தி நிற்பவரைச் சற்றே விட்டுவிடுங்கள். சிறுவண்டியில் ஏறி வெளியேறும் அந்தப் பெரிய மனிதரைப் பின்தொடர்ந்து பாருங்கள்.