களரியும் விழா மேடையும்: மட்டக்களப்புப் பண்பாட்டு விழாக்களை முன்வைத்து

மட்டக்களப்பு நகரை அடுத்து வாவிக்கரையில் அமைந்த அமிர்தகழியில், ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் திரளும் மக்கள் தொகையை இப்பிரதேசத்தின் வேறெந்த விழாவும் திரட்டியதாக நாம் அறியோம். ஏட்டில் மாமாங்கேஸ்வரர் எனப்படும் தெய்வம் மக்கள் வாயில் மாமாங்கப் பிள்ளையாராகவே வழங்குகிறது. அனுமனோடு தலத்தைப் பிணைக்கும் ஐதீகங்கள் ஒருபுறமிருக்க, எழுவான்கரையிலும் படுவான்கரையிலுமிருந்து வருவோர் பிதிர்க்கடன் கழிக்கின்றனர், குளத்தில் மூழ்குகின்றனர், கடைத்தெருவில் பொருள் வாங்குகின்றனர், உறவினரைக் காண்கின்றனர். இதனை எவரும் 'மரபுரிமை விழா' என்று பெயரிட்டு அழைப்பிதழ் அச்சிடுவதில்லை. மறுபுறத்தில், மரபுரிமையைப் பேணுவதற்கென்றே பிரதேச செயலகங்களும் கலாசாரப் பேரவைகளும் கழகங்களும் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றன. இவ்விரு கூடல்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடே இக்கட்டுரையின் பொருள்.

பின்னைய விழாவின் அமைப்பு பலருக்கும் பழக்கமானது. கூத்துடையணிந்தோர் முன்னே செல்ல ஊர்வலம் ஒன்று, மங்கல விளக்கேற்றல், உரைகள், பத்து நிமிட வடமோடி, சில நிமிட வசந்தன், பொன்னாடைகள், இறுதியில் சிறப்பு மலர். மலர்களை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. வட்டார வழக்காறுகள் பற்றிய பெறுமதிமிக்க குறிப்புகள் பல அவற்றிலேயே அச்சேறியுள்ளன. 2011இல் தொடங்கிய கண்ணகி கலை இலக்கிய விழா போன்றவை, ஒரு வழிபாட்டு மரபை மையமாக வைத்து ஆய்வாளரையும் ஊரவரையும் ஓரிடத்தில் அமர்த்த முயன்றமையும் குறிப்பிடத்தக்கது. ஆயினும் பொதுவில் இவ்விழாக்கள் கலையை ஒரு முடிந்த பண்டமாகக் கொண்டுவந்து காட்டுகின்றன. அப்பண்டம் எவ்வாறு உருவாகிறது என்பது அவற்றின் பார்வைக்குப் புறத்தே நின்றுவிடுகிறது.

மட்டக்களப்புக் கூத்தை எடுத்துக்கொள்வோம். ஊர் கூடிக் கூத்தொன்றை ஆடத் தீர்மானித்தபின், அண்ணாவியார் ஆளுக்கேற்ற பாத்திரம் வகுத்துச் 'சட்டங்கொடுத்தல்' நிகழும். மாதக்கணக்கில் இரவுப் பழக்கம் நடைபெறும். ஆட்டம் தேறிய பின் சதங்கை அணிதல், அதன்பின் கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம், பின்னர் வீட்டுக்கு வீடு ஆடுதல். அரங்கேற்ற இரவில் வட்டக்களரியைச் சுற்றி எப்புறத்திலும் இருந்து பார்க்கலாம். மத்தளக்காரரும் சல்லரிக்காரரும் பிற்பாட்டுக்காரரும் களரிக்குள்ளேயே நிற்பர். ஆடுபவன் பார்ப்போரின் மைத்துனனாகவோ வயற் கூட்டாளியாகவோ இருப்பான். அவன் தாளம் தவறினால் திருத்துவதற்குப் பழைய ஆட்டக்காரர் பலர் கூட்டத்தில் இருப்பர். இவ்வாறு நோக்குமிடத்து, அரங்கேற்றம் என்பது ஒரு நீண்ட சமூகச் செயற்பாட்டின் ஒரு கட்டம் மாத்திரமே என்பது புலனாகும். பத்து நிமிட மேடை அச்செயற்பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுக்கிறது. வெட்டியெடுத்த துண்டைக் கண்டு கைதட்டுவோருக்குக் கரப்புடுப்பின் பளபளப்பு நினைவில் நிற்கும், தாளக்கட்டு நிற்காது.

இங்குப் பல்கலைக்கழகத்தின் பங்கையும் விமர்சன நோக்கிற் காணவேண்டியுள்ளது. 1956இல் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள அரங்கில் ஏற்படுத்திய திருப்பம், தேசிய நாடக வடிவம் பற்றிய வினாவைத் தமிழரிடையேயும் எழுப்பிற்று. சிங்கள நாடகமவுக்கும் தமிழ்க் கூத்துக்கும் உள்ள உறவு அவ்வினாவுக்கு மேலும் வலுவூட்டியது. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தையும், அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் 'இராவணேசன்' கூத்தையும் மேடையேற்றினார். இரவு முழுவதும் ஆடப்பட்ட கூத்து ஒன்றரை மணி நேர அளவிற்குச் சுருங்கிப் படச்சட்ட மேடைக்கு இசைந்தது. நகர்ப்புறத்துக் கற்றோர் அதனைக் கலையென ஏற்றனர். பட்டிக்காட்டு ஆட்டம் என இகழப்பட்ட ஒன்று இம்முயற்சியால் பெற்ற மதிப்பினை எவரும் மறுத்தல் இயலாது. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் மாணவருக்குப் பயிற்றுவித்ததையும், அண்ணாவிமார் ஊர்தோறும் கௌரவிக்கப்பட்டதையும் அதனோடு சேர்த்தே கூறவேண்டும். ஆனால் எதனைச் சுருக்குவது, எதனை விடுப்பது என்ற தீர்மானம் களரியிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய விழா மேடை அச்சுருக்கத்தை மாத்திரம் சுவீகரித்துக்கொண்டு, அதன் பின்னாலிருந்த உழைப்பைக் கைவிட்டுவிட்டது என்பதே நம் கணிப்பு.

இதற்கு மாற்றாக, 2002 முதல் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் வேறொரு வழியைக் காட்டியது. களரியை விட்டகலாது, ஆடும் சமூகத்தையே ஆய்விலும் பங்காளியாக்கி, கூத்துப் பிரதியில் பெண்ணும் சாதியும் சித்திரிக்கப்படும் முறைமை பற்றி ஆடுவோரே விவாதித்து மாற்றுவது அதன் அடிப்படை. இரு அணுகுமுறைகளுக்கும் இடையே எழுந்த விவாதம் சிலவேளை ஆள்நிலைப்பட்டதாகவும் அமைந்தமை வருந்தத்தக்கதே. எனினும் மாற்றத்தைத் தீர்மானிப்பவர் யார் என்ற வினாவைத் தெளிவாக எழுப்பியது சீலாமுனை முயற்சியே.

களரி ஒரு சமத்துவ உலகம் என்று நாம் கூறவரவில்லை. மட்டக்களப்பின் கோயிலுரிமைகள் தாய்வழிக் குடிகளையும் சாதிப் படிநிலையையும் சார்ந்தே வகுக்கப்பட்டன. இன்ன கடமை இன்னாருக்கு என்ற விதி கலைக்கும் பொருந்திற்று. பறைமேளம் இதற்குத் தக்க சான்று. 1983இல் வெளியான டெனிஸ் மக்கில்வ்ரேயின் அக்கரைப்பற்று ஆய்வு, பறை முழக்குதல் தாழ்வின் அடையாளமாகச் சுமத்தப்பட்டிருந்ததையும், அச்சமூகத்துக்குள்ளேயே அதுபற்றி இருவேறு மனநிலைகள் நிலவியதையும் காட்டுகிறது. பின்னர் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திலும் விழா ஊர்வலங்களிலும் பறை 'தமிழரின் தொன்மை வாத்தியம்' ஆயிற்று. வாத்தியத்துக்குக் கிடைத்த மதிப்பு வாசிப்பவனுக்குக் கிடைத்ததா? ஊர்வலத்தின் முன்னே நடந்தவன், விருந்தில் எந்தப் பந்தியில் அமர்ந்தான்? பறையைத் தன் பிள்ளை தொடலாகாது எனக் கருதும் தந்தையை, மரபை மறந்தவன் எனப் பழிக்கும் உரிமை விழா அமைப்பாளருக்கு இல்லை.

வரலாறு பற்றிய விழாக்களின் மௌனமும் இதனோடு தொடர்புடையது. மட்டக்களப்பு மான்மியமும், வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழக'மும் (1964) உரைகளில் தவறாது இடம்பெறுகின்றன. பாடும் மீன் பதாகையிலே நீந்துகிறது. ஆயின் 1978 நவம்பரில் இக்கரையைச் சூறையாடிய புயலும், 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் செப்டெம்பரில் சத்துருக்கொண்டானிலும் நிகழ்ந்த படுகொலைகளும், 2004இன் ஆழிப்பேரலையும் 'பிரதேச வரலாறு' என்னும் தலைப்பின்கீழ் வருவது அரிது. மாமாங்க ஆலய முன்றலிலேயே 1988 மார்ச் 19 முதல் ஏப்ரல் 19 வரை அன்னை பூபதி உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். அனுமனின் வருகையைக் கூறும் தலவரலாற்றுச் சொற்பொழிவு இந்த மனிதரின் வருகையைக் கூறாமலே முடிந்துவிடுகிறது. அருகருகே வாழும் முஸ்லிம் மக்களின் களிகம்பும் றபானும், ஒரே வாவியில் ஒரே மீன்பிடி முறைகளைக் கையாண்ட இரு சமூகங்களின் பொதுவாழ்வும் 'பிற நிகழ்ச்சிகள்' ஆகவே மேடையேறுகின்றன. நெடுங்காலம் நினைவதற்கே அஞ்சிய மக்களிடம் விழா மாத்திரம் துணிவு காட்டவேண்டும் எனக் கோருவது எளிது என்பதையும் நாம் உணர்வோம்.

போர்க்காலத்தையும் இங்கு நினைவிற்கொள்ளல் தகும். ஊரடங்கும் சோதனைச் சாவடிகளும் இருந்த ஆண்டுகளில் விடியும்வரை ஆடும் கூத்துக்கு இடமேது? பகற்பொழுதின் பத்து நிமிட ஆட்டம் அன்று ஒரு மரபின் இழையை அறுந்துவிடாது காத்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். இன்று இரவு திறந்துள்ளது. ஆனால் இளைஞர் கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் உழைக்கின்றனர். மாதக்கணக்கில் பழகுவதற்கு ஆள் சேர்ப்பது எளிதன்று. ஒரு நாள் விழாவுக்கான பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பொன்னாடைக்கும் செலவாகும் பணத்தை, சட்டங்கொடுத்த நாள் முதல் அரங்கேற்றம் வரை ஓர் ஊரின் பழக்கத்துக்கு ஒதுக்கினால் என்ன? மேடையில் எத்தனை நிமிடம் என்பதை அண்ணாவியாரே சொல்லட்டும். பறை வாசிப்போர் தமது ஊதியத்தைத் தாமே குறிக்கட்டும். அமைப்புக் குழுக் கூட்டங்களில் இவ்விருவருக்கும் ஆசனம் இருந்தால், அடுத்த ஆண்டு நிகழ்ச்சி நிரல் வேறு விதமாக அச்சாகும்.