பட்டணம் போகிறவனுக்கு ஒரு நாவல்

சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் அடுத்த வீட்டுப் பையன் ஒருநாள் மாலை வந்து திண்ணையில் உட்கார்ந்தான். படிப்பு முடிந்து சென்னையில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. பத்து நாளில் போய்ச் சேர வேண்டும். "பெரியப்பா, நீங்கள் பட்டணத்தைப் பற்றி இவ்வளவு கதை எழுதியிருக்கிறீர்களே, புதிதாகப் போகிறவனுக்கு உபயோகப்படும்படி ஏதாவது ஒரு நாவல் கொடுங்கள்" என்று கேட்டான். எழுதுகிறவனுக்கு இதைவிடச் சந்தோஷமான விண்ணப்பம் இருக்க முடியுமா? உள்ளே போய் என்னுடைய நாவல் ஒன்றையே எடுத்துக்கொண்டு வந்தேன். பையன் அட்டையைப் பார்த்தான், கையை நீட்டவில்லை.

"இது வேண்டாம் பெரியப்பா. அக்காவைப் போகவிடாமல் செய்தது இதுதான்" என்றான்.

அவன் கோபமாகச் சொல்லவில்லை; மழை பெய்தது என்பதுபோலச் சொன்னான். விஷயம் இதுதான்: அந்த நாவல் வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்துகொண்டிருந்த சமயம், அவன் அக்காவுக்குச் சென்னையில் உத்தியோக உத்தரவு வந்திருந்தது. என் கதையிலோ, கடற்கரை ஊர்ப் பெண் ஒருத்தி சென்னைக்கு வேலைக்குப் போய், ஹாஸ்டலில் தங்கி, இருபத்திநாலாவது வாரத்தில் சீரழிந்துகொண்டிருந்தாள். வாராவாரம் தவறாமல் படித்த அம்மா, உத்தரவை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். அந்தப் பெண் இன்று வரை உள்ளூர்க் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறாள். தினமும் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போகிறாள்.

"நாவல் என்ன, ரயில்வே கைடா? கற்பனைக் கதையைப் படித்துவிட்டு ஒரு தாய் முடிவு செய்தால் அதற்கு ஆசிரியன் பொறுப்பா?" என்று என் தரப்பில் வாதாட இடம் இருக்கிறது. நானே பல மேடைகளில் அப்படி வாதாடியவன். ஆனால் அன்று இரவு அந்த வாதம் என்னைத் தூங்கவிடவில்லை. எழுந்து அலமாரியைத் திறந்து, பட்டணத்துக்குப் புதிதாகப் போகிறவனைப் பற்றி நம் இலக்கியம் என்னதான் சொல்லியிருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். இந்தக் கட்டுரை அதன் பயன்.

முதலில் ஓர் ஆச்சரியம். வெளியூர் போகிறவனுக்கு வழி சொல்வதையே தனி இலக்கிய வகையாக வைத்துக்கொண்டிருந்தவர்கள் நாம். ஆற்றுப்படை என்பது அதுதானே? பரிசில் பெற்றுத் திரும்புகிற கலைஞன், எதிரே வறுமையோடு வருகிற கலைஞனைப் பார்த்து, "நானும் உன்னைப் போலத்தான் இருந்தேன், இந்த வழியாகப் போ" என்று சொல்வது. சொல்கிறவன் போய்வந்தவனாக இருக்க வேண்டும் என்பதைத் தொல்காப்பியர் இலக்கணமாகவே வைத்துவிட்டார்.

அதிலும் பெரும்பாணாற்றுப்படை எங்கள் பக்கத்துப் பாட்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, ஐந்நூறு அடி. தொண்டைமான் இளந்திரையனிடம், காஞ்சிக்கு, ஒரு பெரும்பாணனை அனுப்பிவைக்கிறது. நடுவில் ஒரு துறைமுகம் வருகிறது. அது மாமல்லபுரமே என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்று நான் பெருமைப்பட்டுக்கொள்வேன். பாட்டில் முக்கியமானது ராஜாவின் புகழ் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது படித்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. வழியில் திருடர் பயம் இல்லை என்று முதலில் தைரியம் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொரு நிலமாகக் கூட்டிக்கொண்டு போகிறது: எயினர் குடியிருப்பில் என்ன சாப்பாடு கிடைக்கும், ஆயர் வீட்டில் பாலோடு என்ன தருவார்கள், உழவர் வீட்டில் என்ன, வலைஞர் வீட்டில் என்ன, அந்தணர் வீட்டில் மாவடு ஊறுகாய் உட்பட என்ன என்று. தெருவின் பெயரைவிட, அந்தத் தெருவில் யார் கதவைத் திறப்பார்கள், திறந்தால் என்ன சொல்லவேண்டும் என்பதில்தான் அதற்கு அக்கறை அதிகம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் சிலப்பதிகாரத்தை வைத்துப் பாருங்கள். பெரிய நகரத்துக்குப் பிழைக்கப் போனவன் கதை என்று அதை நாம் நினைப்பதில்லை; ஊழ்வினை என்றும் பத்தினி என்றும் பேசிப் பழகிவிட்டோம். கோவலன் புகாரிலிருந்து மதுரைக்கு வருகிறான். கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு ஊரைச் சுற்றிப் பார்க்கிறான். ரத்தினக் கடைத் தெரு, பொற்கடைத் தெரு, துணிக்கடைத் தெரு, தானியக் கடைத் தெரு என்று ஒன்று பாக்கியில்லை. திரும்பிவந்து நகரத்தின் பெருமையைச் சொல்கிறான். தங்குவதற்கும் குறைவில்லை, மாதரி என்ற இடைச்சி வீடு கொடுக்கிறாள், சமைக்கப் பாத்திரமும் அரிசியும் கொடுக்கிறாள். இவ்வளவும் அமைந்த பிறகு, சிலம்பை விற்கப் போகிறவன் யாரிடம் போய் நிற்கிறான்? நூறு பொற்கொல்லர் பின்னால் வர, சட்டை போட்டுக்கொண்டு ஜம்பமாக எதிரே வந்த முதல் ஆளிடம்! அந்த ஆளே அரண்மனைச் சிலம்பைத் திருடியவன்.

இளங்கோவடிகளின் மேதை இங்கேதான் இருக்கிறது. மதுரையைப் பொல்லாத ஊர் என்று அவர் ஓர் இடத்திலும் சொல்லவில்லை. மாதரி இருக்கும் ஊர் எப்படிப் பொல்லாத ஊராகும்? ஆனால் மாதரி ஊர்ப்புறத்தில் மோர் விற்கிறவள். அவளுக்கு நகை வியாபாரம் தெரியாது. தெரிந்தவர் யார் என்று கோவலன் அவளிடம் கேட்கவும் இல்லை. புகாரில் தன் குடும்பப் பெயரைச் சொன்னால் போதும் என்று வளர்ந்தவன், பெயர் செல்லாத ஊரில் ஆடம்பரத்தைப் பார்த்து ஆளை மதிப்பிட்டான். கடைத் தெருக்கள் அத்தனையும் தெரிந்தவனுக்குக் கேட்க வேண்டிய ஆள் யார் என்று தெரியவில்லை. ஓர் உயிரும் ஒரு நகரமும் அதற்கு விலையாகப் போயின.

இனி நம் காலத்துக்கு வருவோம். புதுமைப்பித்தன் 1943-ல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் சென்னைக்குப் புதிதாக வருகிறவர் சாட்சாத் கடவுளே. பிராட்வே முனையில் நின்று திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். காப்பி குடித்துவிட்டு நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டுகிறார். சிரித்துக்கொண்டே படிக்கிறோம், ஆனால் கவனியுங்கள், பிள்ளை அவரைத் தன் வீட்டுக்கே அழைத்துப்போய்த் தங்கவைக்கிறார். குழந்தை ஒட்டிக்கொள்கிறது. வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா பிடிக்கிற சுயநலமும், விருந்தாளிக்கு இடம் கொடுக்கிற நல்ல குணமும் ஒரே மனிதனிடத்தில் சேர்ந்தே இருக்கின்றன. சென்னைக்காரனைப் பற்றி இதைவிட உண்மையான படம் எனக்குத் தெரிந்து இல்லை.

நா. பார்த்தசாரதியின் 'சமுதாய வீதி' 1971-ல் சாகித்ய அக்காதெமிப் பரிசு பெற்றது. மதுரை நாடகக் கம்பெனியில் இருந்த கவிஞன் முத்துக்குமரன், சினிமா நடிகனாகிவிட்ட பழைய சிநேகிதனைத் தேடிச் சென்னைக்கு வருகிறான். தன்மானம் உள்ளவன், தலை வணங்காதவன். படிக்கும்போது நமக்கும் முதுகு நிமிர்கிறது. ஆனால் சிநேகிதன் வீட்டிலேயே இருக்க இடம் கிடைத்துவிடுகிற கதாநாயகனுக்குத் தன்மானம் சுலபம் என்று ஒரு குரல் எனக்குள் முணுமுணுக்கிறது. வீட்டுக்காரரிடம் இன்னும் நாலு நாள் தவணை கேட்கும்போது அந்த முதுகு எப்படி இருந்திருக்கும்? நாவல் அந்த அறைக்குள் நம்மை அழைத்துப் போகவில்லை.

சுஜாதாவின் 'நகரம்' அழைத்துப் போகிறது. கிராமத்திலிருந்து வள்ளியம்மாள், ஜுரத்தில் நினைவிழந்த மகள் பாப்பாத்தியை மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறாள். பெரிய டாக்டர் நல்லவர். உடனே சேர்க்கவேண்டும் என்கிறார். அதன் பிறகு சீட்டு, அறை, கையெழுத்து, இன்னொரு அறை. எல்லோரும் வழி சொல்கிறார்கள். ஒருவரும் கூட நடப்பதில்லை. கடைசியில் நாளைக்கு வா என்ற பதிலை வாங்கிக்கொண்டு, அவள் குழந்தையோடு ஊருக்கே திரும்புகிறாள். கதையில் வில்லன் யாரும் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவளோடு நூறு அடி நடந்துபோக ஓர் ஆள் இருந்தால் அந்தக் கதையே இல்லை.

அப்படி நடந்து வருகிற ஆளை அசோகமித்திரன் 'தண்ணீர்' நாவலில் (1973) காட்டியிருக்கிறார். ஜமுனா சென்னைக்குப் புதியவள் அல்ல. ஆனால் தண்ணீர் இல்லாத சென்னை எல்லோருக்குமே புது ஊர்தான். பக்கத்து டீச்சரம்மா அவளைக் குடத்தோடு தண்ணீர் கிடைக்கும் இடத்துக்கு அழைத்துப்போகிறாள். அதோடு, தான் பட்டதையும் சொல்கிறாள். ஆறுதல் வார்த்தை அதிகம் இல்லை. போய்வந்தவள் போகப்போகிறவளுக்குச் சொல்கிறாள். ஆற்றுப்படைப் புலவர் இதைப் படித்திருந்தால் தன் இனம் என்று கண்டுகொண்டிருப்பார்.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, என் குற்றம் என்ன என்று தெரிந்தது. நகரத்தில் ஆபத்து இருக்கிறது என்று எழுதியது குற்றமல்ல; இருக்கிறது. ஆபத்தை மட்டும் எழுதிவிட்டு, மாதரியையும் டீச்சரம்மாவையும் கதையிலிருந்து நான் நீக்கிவிட்டேன். அவர்கள் இருந்தால் என் கதாநாயகி சீரழிய மாட்டாள். தொடர்கதை பதினைந்தாவது வாரத்தில் முடிந்துபோகும். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் பெண் யார், அவள் மாதம் எவ்வளவு ஊருக்கு அனுப்பினாள், இரவு நேரமானால் யாரோடு சேர்ந்து நடந்து வந்தாள் என்பதையெல்லாம் நான் விசாரிக்கவே இல்லை. அங்கே உண்மையாகவே வசித்த பெண்களுக்கு இதெல்லாம் தெரியும். நான் போய்க் கேட்டிருக்கலாம்.

சின்ன விஷயம் ஒன்று. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையில் வெகு நாளைய வழக்கம். 2017-ல் இயற்றப்பட்டு 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. இது நாவலுக்கு உரிய சரக்கா என்று கேட்கலாம். முன்பணத்துக்காகத் தாயின் வளையலை அடகு வைத்த பையனைக் கேளுங்கள். அது முழு நாவல் என்பான். வாடகையைச் சொல்லாத நாவலாசிரியன் ஒழுக்கத்தைப் பற்றி உபதேசம் செய்வது எளிது.

எங்கள் ஊரின் பெயரிலேயே பட்டினம் இருக்கிறது. இங்கே டச்சுக்காரர்கள் கோட்டை கட்டித் துணி வியாபாரம் செய்தார்கள். கோட்டைக்குள் அவர்களுடைய சமாதிகள், அழகான சித்திர வேலையோடு இன்னும் இருக்கின்றன. அவர்களும் ஒரு காலத்தில் கரையில் இறங்கி, யாரைக் கேட்பது என்று திகைத்து நின்றவர்கள்தானே என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

பையனுக்குத் 'தண்ணீர்' கொடுத்தனுப்பினேன். கூடவே, எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்களின் விலாசத்தை ஒரு காகிதத்தில் எழுதிக்கொடுத்தேன். புத்தகத்தைப் படித்தானோ என்னவோ, காகிதம் உபயோகப்பட்டிருக்கிறது. அவன் போய் மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் போனில் எனக்கு நீளமாக எழுதியிருந்தான். குரோம்பேட்டையில் மூன்று பேராக ஓர் அறை; தண்ணீர் காலை ஐந்தரைக்கு வருகிறது; மாடி வீட்டு அம்மாளிடம் முன்கூட்டிச் சொன்னால் மோட்டார் போடுவாள்; மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்தால் லாபம்; ஸ்டேஷனுக்குக் குறுக்கு வழி இருக்கிறது, ஆனால் இருட்டியபின் வேண்டாம். இலக்கியம் என்று அதில் அவன் எதையும் நினைத்து எழுதவில்லை. நான் இரண்டு தடவை படித்தேன்.

கடைசியில் இப்படி இருந்தது: "அக்காவுக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது. நல்ல ஹாஸ்டலும் பார்த்துவைத்திருக்கிறேன். அம்மா என் பேச்சைக் கேட்கமாட்டாள். நீங்கள் சொன்னால் கேட்பாள்."

நாளைக் காலையில் அடுத்த வீட்டுக்குப் போகப்போகிறேன். என் நாவலை எடுத்துப் போகப்போவதில்லை. அவன் எழுதியதைத்தான் படித்துக் காட்டப்போகிறேன்.